நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் பிரஷர் பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை பின்னிரவில் என் 81 வயது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். 995ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வந்து, இங்கே சிங்கப்பூரில் பொது மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால். எக்ஸ்ரே எடுத்ததும் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வார்டில் கட்டில் கிடைக்க மாலை ஆகிவிட்டது. அதுவரை அம்மா தள்ளுவண்டிக் கட்டிலிலேயே கிடந்தார். அதைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தாதியர் ஓடிய ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

காத்திருந்த இடத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார், நம்மவர்தான், இருபத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டு நன்றாக வீங்கியிருந்தது. போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் வயசானவங்கதான். கட்டிலப் பிடிச்சா விடறதே இல்ல. நாம எப்ப உள்ள போறது?" வலியில் பேசியிருப்பார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதே பேச்சைக் காப்பிக் கடையில் கேட்கிறேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கேட்கிறேன், படித்தவர்கள் வாயிலிருந்தும் கேட்கிறேன். வயதானவர்கள் மருத்துவமனையை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் மற்ற எல்லோருக்கும் கஷ்டம் என்று. இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு பழைய கதை. நான் கேகே மருத்துவமனையில் பிறந்த பிள்ளை. 1969இல் பிறந்தவள். இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறதே, தேக்காவுக்குப் பக்கத்தில் ஹேம்ப்ஷியர் சாலையில், அந்த இடத்தில்தான் அன்றைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, சுருக்கமாகக் கேகே, இருந்தது. மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள், அந்த வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது. நான் பிறந்தபோது கட்டில் போதாமல் தாய்மார் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள், மறுநாளே பிள்ளையைக் கையில் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். 1966ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஒரே மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் சாதனைப் புத்தகத்திலேயே ஏறிய எண்ணிக்கை அது. 2023இல் சிங்கப்பூர் முழுவதும், அரசாங்க மருத்துவமனை தனியார் மருத்துவமனை எல்லாம் சேர்த்து, பிறந்த குழந்தைகள் சுமார் 33,500 பேர்தான்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், அடுத்து என்ன வரப்போகிறது என்பது புரிந்துவிடும். அன்றைக்குப் பிரசவ வார்டை நிரப்பிய அந்தக் குழந்தைகள் எங்கும் போய்விடவில்லை, இப்போது அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2014இல் குடிமக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2024இல் கிட்டத்தட்ட இருபது பேர். 2030இல் நான்கு பேரில் ஒருவர் என்ற நிலைக்கு வந்துவிடுவோம். ஒரே தலைமுறை முதலில் கேகேயை நிரப்பியது, அப்புறம் பள்ளிக்கூடங்களை நிரப்பியது, இனி பொது மருத்துவமனைகளுக்கு வரப்போகிறது. அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2010இல் ஈசூனில் கூ டெக் புவாட், 2015இல் ஜூரோங்கில் இங் டெங் ஃபோங், 2018இல் செங்காங், அண்மையில் உட்லண்ட்ஸ் என்று வரிசையாகக் கட்டித் திறந்திருக்கிறார்கள். திறந்த கொஞ்ச நாளில் கட்டில்கள் நிரம்பிவிடுகின்றன.

ஏன் நிரம்புகின்றன என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவள், எனக்கு இப்படிப் பார்த்தால்தான் விளங்கும். கொவிட்-19க்கு முன்னால் பொது மருத்துவமனையில் ஒரு நோயாளி சராசரியாக ஆறு நாள் தங்கினார், அதற்குப் பிறகு அது ஏழு நாளாகிவிட்டது என்று சுகாதார அமைச்சு சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு நாள் கூடுதல். 42 நாளைக்கு ஒரு கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அதில் ஏழு பேர் படுத்துக் குணமாகிப் போயிருப்பார்கள், இப்போது ஆறு பேர்தான். அந்த ஏழாவது ஆள் எங்கே இருக்கிறார்? என் அம்மா கிடந்த மாதிரி அவசர சிகிச்சைப் பிரிவில், தள்ளுவண்டிக் கட்டிலில் இருக்கிறார்.

சரி, ஏன் ஏழு நாள்? வயதானவருக்கு நோய் தனியாக வருவதில்லை. என் அம்மாவுக்கு முறிந்தது எலும்பு, ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் சுகரை இறக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும், சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மொத்தம் பதினோரு நாள் அங்கே, அதற்குப் பிறகு சமூக மருத்துவமனையில் நடைப்பயிற்சிக்கு நான்கு வாரம். அடுத்த கட்டிலில் இருந்த மலாய்ப் பாட்டி குணமாகி நான்கு நாள் ஆகியும் வீட்டுக்குப் போக முடியவில்லை, புதிதாக எடுத்த பணிப்பெண் இன்னும் வந்து சேரவில்லை என்று அவருடைய மகள் என்னிடம் சொல்லி அழுதார். அந்தப் பாட்டி கட்டிலைப் பிடித்து வைத்துக்கொண்டார் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. வீட்டில் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லாத ஒருவரை எங்கே அனுப்புவது?

இன்னொன்று. மருத்துவர் அம்மாவின் உள்ளங்காலைச் சின்ன நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று என்னைக் கேட்கச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இழை காலில் அழுந்தி வளையும்போதும், "இன்னும் தொடலையே" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பல வருஷ சுகரில் பாதத்து நரம்பு மரத்துப்போயிருந்தது. தரை ஈரமாக இருந்தது அம்மாவின் காலுக்குத் தெரியவே இல்லை. அம்மாவுக்கு முதன்முதலில் சுகர் இருக்கிறது என்று சொன்னது அவருடைய 53ஆவது வயதில். அப்போது அவர் பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தார், வேலைக்கு லீவு போட முடியாது, பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும், மாத்திரை சில மாதம் சாப்பிடுவார் சில மாதம் விட்டுவிடுவார். நாங்களும் கண்டுகொள்ளவில்லை. எண்பத்தொரு வயதில் நடந்த விழுகைக்கு வேர் அங்கே இருந்தது.

வயதுக்கு வயது மருத்துவமனைக்கு வரும் வழி வேறு என்பதை அந்தப் பதினோரு நாளில் நன்றாகப் பார்த்தேன். குழந்தைகளைப் பெற்றோர் பயந்துபோய் ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், காய்ச்சல், இழுப்பு, கை கால் வாய்ப் புண் நோய். பெரும்பாலும் சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், நல்லது. இளையர்களின் கதை கவலையானது. 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு மனநலம் சரியில்லை என்று தெரிய வந்தது, எல்லா வயதினரிலும் அதுதான் அதிகம். மணிக்கட்டு வீங்கினால் வருவார்கள், மனசு வீங்கினால் வரமாட்டார்கள். நம் வீடுகளில் "எல்லாம் சரியாயிடும், கோயிலுக்குப் போயிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். கோயிலுக்கும் போகட்டும், மருத்துவரிடமும் போகட்டும் என்றுதான் சொல்வேன். அப்புறம் தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தம்பிகள். 2023 ஜூலையிலிருந்து முதலாளி அவர்களுக்கு எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி குறைந்தது 60,000 வெள்ளி என்று உயர்த்தியிருக்கிறார்கள். இருந்தும் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று வலியைப் பொறுத்துக்கொண்டு தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு, எங்கள் புளோக்குக்குக் கீழே சாப்பிட வரும் தம்பி ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் என்னை உலுக்கியது நடு வயதுக்காரர்கள்தான்.

அம்மா இருந்த அறையில் ஆறு கட்டில். சி வகுப்பு, குளிர்சாதனம் கிடையாது, மேலே மின்விசிறி சுற்றும். ஆறு கட்டிலிலும் எழுபத்தைந்துக்கு மேற்பட்ட பெண்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு மகளோ மருமகளோ மகனோ. எல்லோரும் கிட்டத்தட்ட என் வயது. வேலை முடிந்து அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிய மாதிரியே வருவார்கள், அம்மா மிச்சம் வைத்த கஞ்சியையோ கடையில் வாங்கிய பன்னையோ இரவுச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள், நாற்காலியிலேயே தூங்கி விழுவார்கள். கட்டிலில் இருப்பவருடைய சுகர் காலையில் எவ்வளவு, மதியம் எவ்வளவு என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுடைய சொந்த சுகர் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஆறாவது நாள் சாயங்காலம், அம்மாவின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்தேன், அறை ஒரு சுற்று சுற்றியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பார்த்துவிட்ட தாதி, ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பெண், "அக்கா, உக்காருங்க" என்று என்னை அமுக்கி உட்கார வைத்து, அம்மாவுக்குக் கட்ட வந்த அதே பட்டையை என் கையில் கட்டினார். 182க்கு 106. அவர் ஒன்றும் சொல்லாமல் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். 178. "கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க அக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. அம்மா கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

அன்று இரவே வீட்டுக்குப் பக்கத்து மருத்துவரிடம் போனேன். மறுநாள் ரத்தம் எடுத்தார்கள், மூன்று மாத சராசரி சுகர் 8.1 என்று வந்தது. எனக்கு எப்போதிலிருந்து சுகர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபோது அம்மாவை நான்தான் பதிந்துவிட்டேன். முதலில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் அழைத்தார்கள். அப்புறம் 40 முதல் 59 வரை உள்ளவர்களையும் அழைத்தார்கள், எனக்கும் குறுஞ்செய்தி வந்தது. ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொண்டால் முதல் சந்திப்புக்குக் காசு இல்லை, குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் காசு இல்லை. எல்லாம் தெரிந்தும் அந்தச் செய்தி என் போனில் ஒரு வருஷத்துக்கும் மேல் சும்மா கிடந்தது. வேலை, அம்மா, பையனின் தேர்வு. அதற்கெல்லாம் அடியில் நம் ஆட்களுக்கே உரிய அந்தப் பயம்: பார்த்தால்தானே வியாதி, பார்க்காதவரை ஒன்றுமில்லை.

நம் சமூகத்துக்கு இந்தப் பயம் கட்டுப்படியாகாது, ஆசிரியரே. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பதைக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அதற்குக் காரணம் நீரிழிவு. ரத்தச் சுத்திகரிப்பு என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். என் சித்தப்பாவுக்குப் பத்து வருஷம் அது நடந்தது, செவ்வாய், வியாழன், சனி என்று அவர் வீட்டு நாள்காட்டியே அதற்காகத்தான் தொங்கியது. உயர் ரத்த அழுத்தமோ சிங்கப்பூரின் பெரியவர்களில் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. இந்த மூன்று நோயும் நாற்பதுகளில் சத்தம் போடாது. ஆகவே அந்த வயதுக்காரர்கள் மருத்துவமனையில் குறைவாகத் தெரிகிறார்கள், நாமும் அவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இருபது வருஷம் கழித்து ஒரே அடியாக வந்து, ஏழு நாளோ பதினோரு நாளோ படுக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. அம்மா 1950க்கு முன்னால் பிறந்தவர், மூத்தவர்களுக்கு மருத்துவச் சலுகை தரும் முன்னோடித் தலைமுறை அட்டை இருக்கிறது, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இருக்கிறது, மீதியை என் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து கட்டினேன், சமாளித்துவிட்டோம். எனக்கு எண்பது ஆகும்போது எனக்குக் கட்ட ஒரே ஒரு பையன் இருப்பான். அம்மாவுக்கு நாங்கள் நான்கு பேர்.

அதனால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுகாதாரப் பேச்சுகள், இலவசப் பரிசோதனைகள் எல்லாம் வார நாள் காலையில் நடந்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவது? முதியோருக்கான துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் ஊரெல்லாம் வந்திருப்பது பெரிய காரியம், எங்கள் புளோக்குக்கு எதிரிலேயே ஒன்று இருக்கிறது, அம்மா அங்கே நாற்காலிப் பயிற்சி செய்கிறார். ஐம்பது வயதுக்காரருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. நம் கோயில்களில் வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறும் கூட்டம் தானாக வருகிறது. அன்னதானத்துக்கு நிற்கிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ஒரு பிரஷர் கருவியும் தமிழ் பேசுகிற ஒரு தாதியும் இருந்தால், எத்தனை பேருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்! சில இடங்களில் சில சமயம் செய்கிறார்கள், மாதாமாதம் செய்ய வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு ஒன்று. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் எந்த மாத்திரையை நிறுத்தணும், எதைக் கூட்டணும் என்பது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாத பாட்டிகள் பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் மறுபடி அதே கட்டிலுக்குத்தான் வருவார்கள். நோயாளியோடு வருபவரிடம் "உங்களுக்குக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்" என்று ஒரு கேள்வி கேட்பதையும் வழக்கமாக்கினால் புண்ணியமாகப் போகும். எனக்கு அதைக் கேட்டது ஒரு தாதியின் நல்ல மனசு. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

உங்களுக்கும் ஒன்று. எந்த வயதில் என்ன பரிசோதனை என்பதை உள்ளங்கை அளவு கட்டமாக, தமிழில், வெட்டி எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்கிற மாதிரி போடுங்கள். நாற்பதிலிருந்து பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால். ஐம்பதிலிருந்து வருஷம் ஒரு தடவை குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை. பெண்களுக்கு இருபத்தைந்திலிருந்து கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, ஐம்பதுக்கு மேல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மார்பகப் பரிசோதனை. இதை நான் எனக்காகக் கையால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அக்காவும் தங்கையும் வந்தபோது போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் 'ஈஸ்' திட்டத்தில் குளியலறையில் கைப்பிடிகள் பொருத்தியாகிவிட்டது, தரைக்கும் வழுக்காதபடி பூச்சு போட்டார்கள், செலவில் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. இதை அவர் எழுபதைத் தொட்டபோதே செய்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. தாங்கியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, ராத்திரி எட்டரை மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்று, "மாத்திரை போட்டியா?" என்று கேட்கிறார். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி எனக்கு ரத்தப் பரிசோதனை. அம்மாவுக்கு அன்றைக்கே பலதுறை மருந்தகத்தில் கண் பரிசோதனை இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே டாக்சியில் போகிறோம்.

இப்படிக்கு,
புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு வாசகி